நார்மல் என்று எழுதிய டியூப்

ஒன்பது வருஷமாக எங்கள் லேபில் நான்தான் நார்மல். பெருமைக்காகச் சொல்லவில்லை, வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்த பொறுப்பு அது. நோயாளியின் மாதிரியை மெஷினில் ஏற்றும்போதெல்லாம் பக்கத்திலேயே நோயில்லாத ஒருவருடைய மாதிரியையும் ஏற்ற வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் எது நேர், எது கோணல் என்று சொல்ல முடியும். அதை விலைக்கும் வாங்கலாம். ஆனால் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், வழியில் எங்கோ வெயிலில் கிடந்து பாதி கெட்டு வந்து சேரும். அதனால் எங்களைப் போன்ற சின்ன லேப்களில் ஒரு வழக்கம் உண்டு. வேலை செய்கிறவர்களில் யாராவது ஒருவர் கையை நீட்டிவிடுவார். எங்கள் லேபில் நீட்டியது நான்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை கீழ்த்தளத்துக்குப் போய் ரத்தம் கொடுப்பேன். ரத்தம் உறையாமல் இருக்க டியூபில் மருந்து இருக்கும், எடுத்த உடனே ஆட்டிக் கலக்க வேண்டும். அதிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத டியூப்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, மூடியில் 'நார்மல்' என்று எழுதி, கீழே மாதத்தைப் போட்டு ஃப்ரீசரில் வைப்போம். பெயர் எழுதுவதில்லை. எழுத இடமும் கிடையாது, அது யாருடையது என்று எங்களுக்குத் தெரியாதா என்ன.

லேப் இருப்பது ராயபுரத்தில், மூன்றாவது மாடியில். கீழே துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். ஒரு லாரி நகர்ந்தால் மேஜை அதிரும், ரேக்கில் உள்ள டியூப்கள் கிலுகிலுவென்று பேசும். ஜன்னலை நாங்கள் திறந்ததே இல்லை. இருந்தும் தினமும் காலையில் மேஜையைத் துடைத்தால் துணி கறுப்பாகும். அங்கே நாங்கள் மூன்று பேர். எல்லாவற்றுக்கும் மேலே டாக்டர் மேடம். அடுத்து என்னைவிட எட்டு வயது மூத்த டெக்னீஷியன் ஒருவர், ராயபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். மூன்றாவது நான், எர்ணாவூரிலிருந்து தினமும் ரயிலில் வந்துபோகிறவள்.

எங்கள் பரிசோதனை டி செல்களைப் பற்றியது. ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களில் அது ஒரு வகை. மார்பெலும்புக்குப் பின்னால் தைமஸ் என்றொரு சுரப்பி இருக்கிறது, குழந்தைக்குப் பெரிதாக இருந்து வயது ஏற ஏறச் சுருங்கிவிடும். டி செல்கள் அங்கேதான் வளர்கின்றன. அங்கே அவை செய்யும் காரியத்தை முதன்முதலில் படித்தபோது எனக்கு உடம்பு கூசியது. பெரும்பாலான செல்கள் பெற்றோர் கொடுத்த மரபணுவை அப்படியே பத்திரமாக வைத்துக்கொள்ளும். இது தன்னுடையதைத் தானே வெட்டுகிறது. வரிசையாக இருக்கும் துண்டுகளில் இங்கே ஒன்று அங்கே ஒன்று எடுத்துக்கொண்டு, நடுவில் இருப்பதைத் தூக்கி எறிந்துவிட்டு, முனைகளை ஒட்டுகிறது. ஒட்டும்போது கண்ணை மூடிக்கொண்டு மரபணுவின் எழுத்துகளில் நாலைச் சேர்க்கும், இரண்டை உதிர்க்கும். அந்த செல் வாழ்நாள் முழுக்க எந்தக் கிருமியை அடையாளம் காணும் என்பது அந்த ஒட்டில் முடிவாகிவிடும். பிறகு பிரிக்க முடியாது. அது பெருகினால் அதன் வாரிசுகள் எல்லாவற்றுக்கும் அதே ஒட்டு, அதே நீளம்.

இதில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. எந்த மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதியாக இருக்கும், அப்பா கொடுத்தது ஒன்று, அம்மா கொடுத்தது ஒன்று. நாங்கள் பார்க்கிற மரபணுவில் இந்த செல் முதலில் ஒரு பிரதியை வெட்டிப் பார்க்கும். ஒட்டு சரியாக அமைந்தால் மற்றதைத் தொடாமல் பூட்டிவிடும், ஒரு செல்லுக்கு ஒரே அடையாளம் என்பது கணக்கு. முதல் வெட்டு பாழானால் மற்ற பிரதியை எடுத்து வெட்டும். அதுவும் பாழானால் செல் அங்கேயே சாகும். இரண்டாவது முயற்சியில் பிழைத்த செல், முதலில் பாழாக்கியதையும் உள்ளே சுமந்துகொண்டுதான் வெளியே வரும்.

நல்ல ரத்தத்தில் கணக்கில்லாத ஒட்டுகள், ஒவ்வொன்றும் ஒரு நீளம். மெஷின் அவற்றை நீளவாரியாகப் பிரித்துத் திரையில் கோடாகப் போடும்போது, நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் சரிகிற ஒரு குன்று தெரியும். காசிமேட்டில் காலையில் மீன் ஏலம் நடக்கும்போது தூரத்திலிருந்து ஒரு இரைச்சல் கேட்குமே, யார் குரலும் தனியாகக் கேட்காமல், அந்த மாதிரி. ஒரே ஒரு செல் வெறிபிடித்துப் பெருகியிருந்தால் குன்று இருக்காது. ஊசி மாதிரி ஒரு கோடு நிற்கும். ஏலத்தில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு, ஒருவன் மட்டும் ஒரே விலையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிற மாதிரி. டி செல் புற்றுநோயா என்று சந்தேகப்படுகிற டாக்டர்கள் அந்த ஊசியைத் தேடித்தான் எங்களிடம் மாதிரி அனுப்புகிறார்கள்.

இந்த வருஷம் தை மாதத்தில் வழக்கம்போல் ரத்தம் கொடுத்தேன். கொடுத்து முடித்த அதே நிமிஷம் போன் வந்தது, என் மகளுக்கு வயிற்று வலி, கல்லூரியிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று. குடல்வால். அன்று மாலையே ஆபரேஷன். ரத்த டியூபை அண்ணாவின் மேஜையில் வைத்துவிட்டு ஓடினேன். இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது ஃப்ரீசரில் பத்து புதிய டியூப்கள் தயாராக இருந்தன, 'நார்மல், தை' என்று அண்ணாவின் கையெழுத்தில். நன்றி சொன்னேன். அவர் "அட வுடு தங்கச்சி" என்றார், அவ்வளவுதான்.

பழைய டியூப்கள் தீர்ந்து, பங்குனியில் ஒரு மதியம் தை மாதத்து டியூபை முதன்முதலாக எடுத்தேன். மூன்று நோயாளிகள், வெறும் தண்ணீர் ஒன்று, நார்மல் ஒன்று. மேடம் ஒரு மீட்டிங்குக்குப் போயிருந்தார், அண்ணா சாப்பிடப் போயிருந்தார். வெயில் மேஜை மேல் விழுந்துகொண்டிருந்தது. திரையில் நோயாளிகளின் கோடுகள் வந்தன, மூன்றும் குன்றுகள், அவர்களுக்கு நல்லகாலம். தண்ணீர் தட்டையாக வந்தது. நார்மல் வந்தது. குன்று தாழ்ந்து கிடக்க, அதன் நடுவிலிருந்து ஒரு ஊசி எழுந்து நின்றது. நீளம் இருநூற்று அறுபத்திரண்டு எழுத்து. அதற்கு எட்டு எழுத்து முன்னால், இருநூற்று ஐம்பத்து நான்கில், கொஞ்சம் குட்டையாக இன்னொன்று.

ஏதோ தப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். எங்கள் வேலையில் பாதி இதுதான், ஒரு துளி எதிலிருந்தோ எதிலோ தெறித்திருக்கும். அந்த டியூபைக் குப்பையில் போட்டுவிட்டு வேறொரு தை டியூபை எடுத்தேன். கையுறை மாற்றினேன், மேஜையைத் துடைத்தேன், ரசாயனங்கள் எல்லாவற்றையும் புதிதாக உடைத்து எடுத்தேன். மறுநாள் மதியம் அதே இடத்தில் அதே இரண்டு ஊசிகள். மூன்றாவது டியூப், மூன்றாவது நாள். இருநூற்று அறுபத்திரண்டு, இருநூற்று ஐம்பத்து நான்கு. எங்கள் பழைய ஃபைல்களைப் புரட்டினேன், எந்த நோயாளிக்கும் இந்த ஜோடி வந்ததில்லை. அப்போது ஃப்ரீசரின் பின்சுவரில் பனியோடு ஒட்டிக் கிடந்த ஒரு டியூப் கையில் தட்டுப்பட்டது. போன ஆடி மாதத்தில் நான் கொடுத்தது. அதைப் பெயர்த்து எடுத்து மெஷினில் ஓட்டினேன்.

அழகான குன்று. ஊசியும் இல்லை, ஒன்றும் இல்லை.

ஆக, ஆடியில் நான் நார்மல், தையில் இல்லை. அந்த ஆறு மாதத்துக்குள் எனக்குள் ஏதோ ஒன்று பெருகத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது? நோயாளிகளின் ரிப்போர்ட்டுகளை ஆடி மாத டியூபை வைத்தே முடித்து அனுப்பினேன். அது சுத்தமான டியூப்தான், அதில் பிழையில்லை. மேடத்திடம் மட்டும் "நார்மல் சரியா வரல மேடம், பழசுல ஓட்டிட்டேன்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

புதிதாகக் கொஞ்சம் ரத்தம் எடுத்து ஓட்டினால் மறுநாளே தெரிந்துவிடும். அதைச் செய்யவில்லை. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் அந்தப் பரிசோதனையைச் செய்து கொடுக்கிறவள், எனக்குச் செய்துகொள்ளப் பயந்தேன். ரிப்போர்ட் தாமதமாகிறது என்று கத்துகிற சொந்தக்காரர்களை எத்தனை முறை மனதுக்குள் திட்டியிருக்கிறேன். இப்போது எனக்கு அது தாமதமாகிக்கொண்டே இருக்க வேண்டும் போலிருந்தது.

அதன் பிறகு வந்த இரண்டு வாரமும் ஊர் வேறு மாதிரி இருந்தது. ரயிலில் ஏறினால் கொய்யாப்பழம் விற்கிறவர் "பத்து ரூவா, பத்து ரூவா, பத்து ரூவா" என்று சொல்லிக்கொண்டே வருவார். வருஷக்கணக்காகக் கேட்ட குரல். ஒரு நாள் அது தாங்க முடியாமல் கொருக்குப்பேட்டையில் இறங்கி அடுத்த ரயிலுக்குக் காத்திருந்தேன். வீட்டுக்குப் போனால் குளிக்கும்போது கை தானாக மார்பெலும்புக்குப் போகும். அதற்குப் பின்னால் இருந்த சுரப்பி சுருங்கி எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். ஆனால் அங்கேதான், நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது, ஒரு செல் முதல் பிரதியை வெட்டிப் பாழாக்கிவிட்டு, இரண்டாவதை வெட்டிப் பிழைத்துக்கொண்டது. அதற்குத்தான் இரண்டு ஊசி. இத்தனை வருஷம் அது ரத்தத்தில் எங்கோ சும்மா சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. இப்போது எழுந்துவிட்டது.

எது அப்பாவுடையது, எது அம்மாவுடையது? பாழானது யார் கொடுத்தது? எங்கள் பரிசோதனையில் அதைக் கண்டுபிடிக்க முடியாது. இருந்தும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், இறந்து பல வருஷம் ஆகிறது. அம்மா திருவொற்றியூரில் என் தம்பியோடு இருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அவள் எதிரில் உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இன்னாடி, அப்புடியே முழிச்சிகினு கீற? பேய் கீய் புடிச்சிருச்சா?" என்றாள். சிரித்து மழுப்பினேன். எனக்கு ஏதோ பிடித்திருந்தது உண்மைதான்.

கடைசியில் அண்ணாவிடம்தான் சொன்னேன். நாங்கள் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அங்கிருந்து துறைமுகத்தின் கிரேன்கள் தெரியும், வடக்கே பார்த்தால் எண்ணூர்ப் புகைபோக்கிகள். அன்று அவர் வீட்டு வஞ்சிரம் குழம்பு. எனக்கு ஒரு துண்டை எடுத்து வைத்துவிட்டு, "இன்னா தங்கச்சி, பத்து நாளா மூஞ்சிய தொங்கப் போட்டுகினு கீற. வூட்ல எதுனா பேஜாரா?" என்றார்.

சொன்னேன். இரண்டு ஊசிகள், அவற்றின் நீளம், ஆடி மாத டியூப் சுத்தமாக இருந்தது, எல்லாம். பாதியில் அழுகை வந்துவிட்டது. அவர் வாயில் வைக்கப்போன சோற்றை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டார்.

"எந்த மாசத்து டியூபுன்ன?"

"தை."

"மூணு தபா ஓட்டியா?"

"மூணு தபா."

சோற்றைத் திரும்பத் தட்டிலேயே போட்டார். இடது கை இடுப்புப் பக்கம் போய், சட்டைக்கு மேலேயே எதையோ அழுத்திக்கொண்டு நின்றது. அவர் அங்கே சொறிவது எனக்குப் பழக்கம்தான். பல வருஷமாகச் சொறிகிறார். எங்கள் பக்கத்தில் யாருக்குத்தான் அரிப்பு இல்லை? உப்புக் காற்று, லாரிப் புகை, கரித்தூள், கலீஜ் தண்ணி என்று ஆளுக்கொரு காரணம் சொல்லி, ஆளுக்கொரு களிம்பு வாங்கித் தடவிக்கொண்டு இருப்போம். எனக்கே முழங்கையில் உண்டு. எல்லோரும் சொறிகிற இடத்தில் ஒருவர் சொறிவதை யார் கவனிக்கிறார்கள்.

"ஒன்னியும் இருக்காது தங்கச்சி," என்றார். குரல் அவருடையதாக இல்லை. சாப்பாட்டை முடிக்காமலே எழுந்து போனார்.

மறுநாள் அவர் லீவு. அதற்கு மறுநாள் வந்தார், என்னோடு சாப்பிட வரவில்லை. நான் அறைக்குள் போனால் அவர் வெளியே போனார். என் நோய் ஒட்டிக்கொள்ளும் என்று இவரும் பயப்படுகிறாரா, இத்தனை படித்தும் இவ்வளவுதானா என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

மூன்றாம் நாள் காலை நான் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வந்தார். கையைக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். பிறகு குழாயை மூடாமலே பேசினார்.

"தங்கச்சி, ஒன்னு சொல்றேன், கோச்சிக்காத. தை மாசம் நீ ரத்தம் குடுத்துட்டு ஓடுனல்ல, அந்த டியூப்ப நீ ஆட்டாமயே வெச்சிட்டுப் போயிட்ட. கட்டி தட்டிப் போச்சு. ஒன்னுத்துக்கும் ஆவாது. ஆஸ்பத்திரில பொண்ண வெச்சிகினு கீறவளுக்குப் போன் போட்டு, வந்து திருப்பி ரத்தம் குடுன்னு எப்புடிச் சொல்றது? நாந்தான் கீய போயி என் கையில ரத்தம் எடுத்துகினு வந்து, அதுல போட்டு எயுதி வெச்சேன். ஒன் கிட்ட சொல்லணும்னு நெனச்சேன், அப்புறம் மறந்தே பூட்டேன்." குழாயை மூடினார். "அது ஒன்னுது இல்ல தங்கச்சி. என்னுது."

இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நான் சிரித்துவிட்டேன். வாய்விட்டு, அவர் முகத்துக்கு நேராக. மடியிலிருந்து பாறாங்கல்லை இறக்கி வைத்தால் உடம்பு தானாக மேலே எழும்புமே, அப்படி ஒரு சிரிப்பு. எனக்கு இல்லை, எனக்கு இல்லை என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது. எவ்வளவு நேரம் சிரித்தேன் என்று தெரியவில்லை. நிறுத்தியபோது அவர் சட்டையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றார். இடுப்பு எலும்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்தில் ஒரு திட்டு, மங்கிய செம்மண் நிறத்தில், தோல் மெலிந்து சுருக்கம் விழுந்து.

"இது எட்டு வருசமா கீது," என்றார்.

டி செல் புற்றுநோயில் ஒரு வகை தோலில்தான் குடியேறும், பார்க்க வெறும் அரிப்பு மாதிரியே இருக்கும். அந்த மாதிரித் திட்டிலிருந்து வெட்டிய தோல் துண்டுகள்தான் எங்களுக்கு வரும் மாதிரிகளில் பாதி. அவரும் நானும் நூற்றுக்கணக்கான பேருடைய தோலைக் கரைத்து ஓட்டியிருக்கிறோம். அந்த இரண்டு நாள் அவர் என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. சொல்லாமல் இருந்தால் ஊசி என்னுடையதாகவே இருந்திருக்கும். கொஞ்ச நாளைக்காவது. அதைவிட விசித்திரமாக இன்னொன்றும் தோன்றியது. இரண்டு வாரமாக என் அப்பாவும் அம்மாவும் என்று நினைத்து நான் மனதுக்குள் சண்டை போட்டதெல்லாம் அவருடைய அப்பா அம்மாவோடு. நான் பார்த்தே இராத இரண்டு பேர்.

இருவரும் சேர்ந்து மேடத்திடம் போனோம். நல்ல திட்டு கிடைத்தது. "ஒருத்தர் ரத்தத்தை மாத்தி வெச்சிட்டு மறந்துட்டீங்க, ஒருத்தர் கண்ட்ரோல் ஃபெயிலானதை ஒரே வரில சொல்லி மறைச்சிட்டீங்க, இது லேபா சந்தையா?" என்றார். திட்டி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அண்ணாவிடம் மெதுவாகப் பேசினார். ரத்தத்தில் ஊசி இருப்பதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது, வயதானால் சிலருக்குப் பழைய கிருமியோடு சண்டை போட்ட செல்கள் கூட்டமாகத் தங்கிவிடும், அதனால் தொல்லை இல்லை. தோலை வெட்டிப் பார்க்க வேண்டும். தோலில் வேறு நீளம் வந்தால், அல்லது குன்று வந்தால், பயமில்லை. ரத்தத்தில் நிற்கிற அதே ஜோடி தோலிலும் நின்றால், அந்தத் திட்டு அரிப்பு இல்லை.

அன்றைக்கே இருவருக்கும் புதிதாக ரத்தம் எடுத்தார்கள். என்னுடையது குன்று. அண்ணாவுடையதில் அதே இரண்டு. அடுத்த வாரம் தோல் டாக்டர் இடுப்பில் ஒரு சிறு துண்டை வெட்டி அனுப்பினார். நம்பர் மட்டும் ஒட்டிய குப்பியில் அது எங்கள் மேஜைக்கே வந்தது. வேறு லேபுக்கு அனுப்பலாம் என்றார் மேடம். அண்ணா ஒத்துக்கொள்ளவில்லை. "இன்னொருத்தன் மேல நம்பிக்க இல்ல மேடம். தங்கச்சியே போடட்டும். அது கை சுத்தம்."

நானே கரைத்தேன், நானே பிரித்தேன், நானே ஏற்றினேன். மதியம் மூன்று மணி. அண்ணா எனக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கீழே லாரி வரிசை நகரத் தொடங்கியிருந்தது, ரேக் முழுக்கக் கிலுகிலுத்தது. மேடம் கதவருகில் நின்றிருந்தார். முதலில் தண்ணீர், தட்டை. அடுத்து நான், குன்று. என் குன்றைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. அடுத்து தோல்.

ஒன்றும் வராமல் கோடு கொஞ்ச தூரம் தரையிலேயே ஊர்ந்தது. எனக்கு ஒரு கணம் நம்பிக்கை வந்தது. பிறகு குட்டையானது எழுந்தது. இருநூற்று ஐம்பத்து நான்கு. அடுத்ததற்காகக் காத்திருக்கத் தேவையே இல்லை, அது எங்கே வரும் என்று எனக்கு மனப்பாடம். ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தோம். இருநூற்று அறுபத்திரண்டில் அது எழுந்து, திரையின் உச்சியைத் தொட்டு நின்றது. ரத்தத்தில் இருந்ததைவிட உயரமாக, அக்கம்பக்கத்தில் யாருமே இல்லாமல்.

அண்ணாதான் முதலில் பேசினார்.

"வந்துட்டானுங்களா ரெண்டு பேரும்?" பிறகு என் தோளைத் தட்டினார். "இன்னிக்கு சிரிக்க மாட்டியா தங்கச்சி?"

நான் அழுதேன். அவர் எழுந்து ஃப்ரீசரைத் திறந்தார். தை மாதப் பெட்டியில் ஏழு டியூப்கள் மிச்சம் இருந்தன. பேனாவால் ஒவ்வொரு மூடியிலும் 'நார்மல்' என்பதை அடித்துவிட்டு 'பாசிட்டிவ்' என்று எழுதினார். நோய் உள்ள மாதிரியும் ஒன்று ஒவ்வொரு முறையும் ஓட்ட வேண்டும், அதை நாங்கள் விலைக்குத்தான் வாங்கிக்கொண்டிருந்தோம். "இன்னாத்துக்கு வேஸ்ட் பண்ணணும்? நார்மல் நீ, பாசிட்டிவ் நானு. ஜோடியா ஓடுவோம்," என்றார். மேடம் ஒரு தாளில் அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுமதித்தார்.

அண்ணா இப்போதும் வேலைக்கு வருகிறார். வாரத்தில் மூன்று நாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய், சட்டையைக் கழற்றிவிட்டு புற ஊதா விளக்குகள் நிறைந்த ஒரு பெட்டிக்குள் நிற்கிறார். அது தோலுக்கான வைத்தியம். ஆரம்பக்கட்டம்தான், இதோடு ரொம்ப வருஷம் வாழ்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். திட்டு மங்கியிருக்கிறது. "வெள்ளக்காரன் மாரி வெள்ளையாப் பூடுவேன்னு நெனச்சேன், இன்னும் கறுத்துகினு கீறேன்" என்று கிண்டல் செய்துகொள்கிறார். அவர் வராத நாட்களிலும் திரையில் என் குன்றுக்குப் பக்கத்தில் அவருடைய இரண்டு ஊசிகள் வந்து நிற்கும். யாருமில்லாத அறையில் அவை எழும்போது எனக்கு முதுகு சில்லிடும். பழகிவிடும் என்று நினைத்தேன், பழகவில்லை. என் முழங்கையையும் தோல் டாக்டரிடம் காட்டினேன், அது வெறும் அரிப்பு.

ஆறு மாதம் ஆனதும் ரத்தத்தைத் திரும்ப ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று மேடம் சொல்லியிருந்தார். ஊசி தாழ்ந்திருக்கிறதா, ஏறியிருக்கிறதா என்று பார்க்க. அது இந்தத் திங்கட்கிழமை. காலையிலிருந்து நான் ஒவ்வொரு வேலையாக இழுத்துப் போட்டுக்கொண்டு திரிந்தேன். பதினோரு மணிக்கு அண்ணாவே ஊசியையும் டியூபையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். சட்டைக் கையைச் சுருட்டிக் கையை மேஜை மேல் நீட்டினார்.

"எடு தங்கச்சி. இன்னாத்துக்கு பயந்துகினு கீற?" என்றார்.

நரம்பு சுலபமாகக் கிடைத்தது. டியூப் நிறைந்தது. பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே, "இந்தத் தடவ ஒயுங்கா ஆட்டு. மறுபடியும் கட்டி தட்டிப் போச்சுன்னா, யார் ரத்தத்தப் போட்டு வைக்கிறது?" என்றார்.

ஆட்டினேன். மேலும் கீழுமாக, மெதுவாக, எட்டுத் தடவை போதும், நான் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருந்தேன். உள்ளங்கையில் அது சூடாக இருந்தது. பிறகு பேனாவை எடுத்து, டிஎன்ஏவை ஊற்ற எடுத்து வைத்திருந்த டியூபின் இடமே இல்லாத சின்ன மூடியில், எழுத்தைப் பொடிப்பொடியாக நெருக்கி, அவருடைய பெயரை முழுதாக எழுதினேன்.